நான்கு பகுதிக்கு மேல் வேண்டாம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
3 மார்ச் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

இந்தக் கடிதம் உன் அம்மாவின் வற்புறுத்தலால் எழுதப்படுகிறது. இனி உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சொன்ன சொல்லை நான் மீறவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நவம்பரில் கண்டுபிடித்தார்கள். கணையத்தில் புற்று. ஐந்து முறை மருந்து ஏற்றியாயிற்று. ஆள் மிகவும் இளைத்துவிட்டதால் டாக்டர் மூன்று வாரம் இடைவேளை கொடுத்திருக்கிறார். இந்த மூன்று வாரமும் அவளுக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்றார். என்ன பிடிக்கும் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "ராஜா காலத்துக் கதை பாக்கணும்" என்றாள்.

டிவியில் தேடினேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எது கொரியா, எது சீனா என்று எனக்குப் புரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருக்கிறார்கள். நானாக ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் மூன்று தலை உருண்டது. அணைத்துவிட்டேன். "உங்களுக்கு என்னங்க தெரியும். எந்தக் கதை நல்லாருக்கும்னு ஜெகாவுக்குத்தான் தெரியும். அவள கேட்டு எழுதுங்க" என்று நான்கு நாளாக ஒரே நச்சரிப்பு.

உனக்கே தெரியும், மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவள். கீழே ஓடும் மலாய் எழுத்தை அவள் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். முன்பெல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவாய். இனி அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கெப்பாலா பத்தாஸ் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக மலாயில் எழுதியவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

ராஜா காலத்துக் கதையாக இருக்க வேண்டும். தலை உருளக் கூடாது. பதினாறு பகுதிக்கு மேல் வேண்டாம். பதிலைக் கடிதமாக மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
வேலு

---

கூச்சிங்
9 மார்ச் 2025

அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ அரசாங்கக் கடிதம் என்று நினைத்து ஒரு நாள் பிரிக்கவே இல்லை. பிரித்த பிறகு மருந்தகத்து வேலைக்குப் போகாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒன்று தெரியாது. இந்த இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் காக் நோர்மா போனில் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். நீங்கள் கோயிலுக்குப் போகிற நேரம். நவம்பரிலிருந்து ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் பல்வலி, ஒரு வாரம் தொண்டைக்கட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு வாரமாக அழைப்பே இல்லை. காக் நோர்மாவைக் கேட்டால் "டேமாம் லா, வயசாச்சில்ல" என்று சாதாரணக் காய்ச்சல் போலச் சொன்னார். அவர் வாயையும் அம்மா கட்டிப் போட்டிருக்கிறார்.

நேற்று விடாமல் கூப்பிட்டு, போனை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். நாளைக்கே வருகிறேன் என்றேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா கூப்ட்டா வா. கூப்பிடாம வந்தா வாசல்லயே வச்சு ரெண்டு பேரும் சண்ட போடுவீங்க. அதப் பாக்குற தெம்பு எனக்கு இல்லடி."

நான் போன அன்று நீங்கள் போனில் சொன்னது எனக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "நான் வா என்று சொல்லாமல் இந்த வாசலை மிதிக்காதே." ஒரு வார்த்தைதான். எழுதுங்கள், அடுத்த விமானத்தில் வருகிறேன்.

கேட்டதற்கு வருகிறேன். அந்த டிவியில் கதை பார்க்க இன்னும் என் பெயர் போட்ட கணக்குதான் இருக்கிறது. நீங்கள் எதைப் பார்த்தாலும், எங்கே நிறுத்தினாலும் இங்கே என் போனில் தெரியும். மூன்று தலை உருண்டதைப் பதினொன்றாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நல்ல வேளை. பதினைந்தில் ஒரு குதிரை செத்திருக்கும். மனுஷன் செத்தால்கூட அம்மா தாங்குவார், குதிரை செத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அரண்மனைச் சமையல்காரி ஒருத்தியின் கதையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பகுதி. சண்டை குறைவு, சமையல் நிறைய. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. அது வேண்டாம். நாள் முழுக்கத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எவனும் எதையும் சொல்லாமலே இருப்பான், அம்மாவுக்குக் கோபம் வரும்.

ஒன்று முக்கியம். அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லாதீர்கள், அம்மாவுக்கு நிற்காது. நாங்கள் எப்போதும் நம் பெயர்தான் வைப்போம். கெட்ட மந்திரி எந்தக் கதையில் வந்தாலும் கங்காணி. நல்ல காவல்காரன் முனியன். கதாநாயகி செவ்வந்தி.

அம்மா சாப்பிடும் மருந்துகளின் பெயரைப் பெட்டியில் உள்ளபடி எழுதி அனுப்புங்கள்.

ஜெகா

---

ஆயர் ஈத்தாம்
17 மார்ச் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

உன் 9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. மருந்துப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விஷயத்தை உன் அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, பேசினேன், இப்ப என்ன?" என்றாள். இரண்டு வருடம் நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் இது நடந்திருக்கிறது. நோர்மாவுக்கு இது நோன்பு மாதம். அப்படியிருந்தும் தினமும் சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்து தருகிறார், ஆகவே அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

நீ சொன்ன சமையல்காரி கதையைப் போடுவதற்கு முன்பு பழைய சாயக்காரி கதையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். அரண்மனைத் துணிக்குச் சாயம் போடும் பெண்ணும் காவல்காரனும். நீயும் அவளும் மூன்று முறை பார்த்தது. முழுதும் பார்க்க நேரம் இல்லை, கடைசி இரண்டு பகுதி மட்டும் போதும் என்றாள். நான் வரி விடாமல் படித்துச் சொன்னேன்.

கடைசியில் பாலத்தின் மேல் அந்த முனியன் நெஞ்சில் அம்பு பட்டு விழுகிறான். "இறந்துவிட்டார்" என்று எழுத்து வந்தது. இறந்துவிட்டான் என்றேன். உன் அம்மா, "இல்ல, மயக்கம்தான். அப்புறம் எந்திரிச்சுப் போயி வேற ஊருல அரிசிக்கடை வப்பான்" என்றாள். அரிசிக்கடை எங்கேயும் வரவில்லை. அடுத்த காட்சியில் எல்லாரும் வெள்ளை உடுத்தி அழுகிறார்கள். "அது கல்யாணம். அவங்க ஊர்ல கல்யாணத்துக்கு வெள்ளதான்" என்கிறாள். நான் நிறுத்தி, திருப்பி ஓட்டி, மறுபடியும் படித்துக் காட்டினேன். "எழுதுனவன் தப்பா எழுதிருக்கான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இத்தனை வருடம் உன் அம்மாவிடம் பொய்க்கதை சொல்லியிருக்கிறாய். படிக்கத் தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம். உனக்கு ஏன் இந்தப் புத்தி என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாண விஷயத்திலும் இதைத்தான் செய்தாய். எட்டு மாதம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளை கிஷன் வீட்டார் கூறைப்புடவை எடுத்த பிறகு, முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனாய்.

சமையல்காரி கதை நேற்று ஆரம்பித்தோம்.

வேலு

---

கூச்சிங்
23 மார்ச் 2025

அப்பா,

ஆமாம், பொய்தான் சொன்னேன். எப்போது ஆரம்பித்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம்தான் தம்பி பிறந்து ஒரே நாளில் போனான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து யாரோடும் பேசாமல் சோபாவிலேயே கிடந்தார். நீங்கள் காலையில் ஃபெர்ரி பிடித்துப் போனால் இருட்டித்தான் வருவீர்கள். நான் டிவியைப் போட்டேன். ஏதோ ராஜா கதை. அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்து, "என்ன சொல்றான்?" என்று கேட்டார். பத்து நாளில் அம்மா பேசிய முதல் வார்த்தை அது. நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் ராணியின் பிள்ளை தொட்டிலிலேயே இறந்தது. எழுத்து கீழே ஓடுகிறது. அம்மா என் வாயையே பார்க்கிறார். நான் என்ன செய்வது? "பிள்ளைய ஒளிச்சு வைக்கத் தூக்கிட்டுப் போறாங்கம்மா. பெருசாகித் திரும்பி வரும்" என்றேன். அம்மா அன்றைக்குச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு என் கதையில் யாரும் சாகவில்லை.

கல்யாணத்துக்கும் அதேதான். கிஷன் நல்ல மனிதர். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, எனக்குத்தான் அவரோடு வாழ மனம் வரவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அம்மா சமையலறையில் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினார். அதைக் கேட்டுத்தான் சரி என்று சொல்லித் தொலைத்தேன். முடிவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகியவளுக்குச் சொந்தக் கதையில் மாற்ற வரவில்லை. ஓடினேன். உங்களைத் தலைகுனிய வைத்தேன். அதற்கு இந்த இரண்டு வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்காததும் தப்பு. இப்போது கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பார்த்தேன். மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இங்கே தினமும் எடுத்துக் கொடுக்கிறேன். அது நோய்க்கு இல்லை அப்பா. வலிக்கு. இடைவேளை என்று டாக்டர் சொன்னது எந்த இடைவேளை என்று அவரிடமே கேளுங்கள்.

இப்போது நான் கேட்பதைச் செய்யுங்கள். பன்னிரண்டாம் பகுதியில் சமையல்காரியின் மகள் தூரதேசத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வரும். அதை அம்மாவிடம் படிக்காதீர்கள். தூதன் ஒரு துணிமூட்டையைக் கொடுப்பான். "மகள் அனுப்பிய சேலை, அடுத்த மாதம் நேரில் வருகிறாளாம்" என்று சொல்லுங்கள். சமையல்காரி அழுவாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொன்னால் பொருந்திவிடும். நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன், வாயசைவுகூடச் சரியாக வருகிறது.

அந்த ஒரு வார்த்தையை உங்கள் கடிதத்தில் எதிர்பார்த்தேன். இல்லை. அம்மாவுக்காகவாவது எழுதுங்கள்.

ஜெகா

---

ஆயர் ஈத்தாம்
31 மார்ச் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

இன்று ஹரி ராயா, நோன்புப் பெருநாள். தபால் நிலையம் புதன்கிழமைதான் திறக்கும், ஆகவே இது தாமதமாகக் கிடைக்கும். நோர்மா காலையிலேயே ரெண்டாங் கறி கொண்டுவந்தார். உன் அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். அவ்வளவுதான் சாப்பிட்டாள்.

டாக்டரைக் கேட்டேன். அடுத்த மருந்து ஏற்றுவதாக இல்லை. நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். இடைவேளை என்றால் அதற்குப் பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும் என்றுதானே அர்த்தம். முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, ஆகவே அது பொய் ஆகாது.

தம்பி பிறந்த வருடத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் இருட்டிய பிறகு வந்தேன் என்பது உண்மை. ஃபெர்ரி ஏழு மணிக்கே வந்துவிடும். இறங்கிய பிறகு படகுத்துறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வரப் பயமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்று நாற்பது வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தேன். பிறகு அதே நூற்று நாற்பது வீட்டுக்கும் நேரில் போய்க் கல்யாணம் இல்லை என்று சொன்னேன். போனில் சொன்னால் போதும் என்று உன் அம்மா சொன்னாள். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டவன் வீடு தேடிப் போய்த்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஏன் என்று கேட்டார்கள். எனக்கே தெரியாது என்று சொன்னேன், அதுதான் உண்மை. மாக் மண்டினில் ஒரு வீட்டில் வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். அதையெல்லாம் நான் மறக்க முயற்சி செய்கிறேன். சீக்கிரம் மறக்க வரவில்லை.

சேலை மூட்டைக் கதையை நான் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது. இல்லாததை எழுதி நான் பழகியதில்லை. ஆகவே பதினொன்றாம் பகுதியோடு நிறுத்திவிட்டேன். "இன்னும் ஒன்னு இருக்கேங்க, கட்டம் காட்டுதே" என்றாள். இருக்கிறது, நான் படிக்க மாட்டேன் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி, வேற போடுங்க" என்றாள்.

வேறு ஒன்று சொல்லவும். சின்னதாக இருக்கட்டும். நான்கு பகுதிக்கு மேல் வேண்டாம்.

வேலு

பி.கு.: கீழே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயல வேண்டாம்.

---

கூச்சிங்
6 ஏப்ரல் 2025

அப்பா,

படிக்க வேண்டாம் என்றால் படிக்காமல் இருக்க நான் யார் வீட்டுப் பிள்ளை? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் ஆறு தடவை குறுக்கே கோடு போட்டும் தெரிகிறது. "ஜெகா, வா." மேலே எழுதியதற்கு மை ஒன்று, அடித்ததற்கு மை வேறு. எழுதிவிட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்து பிறகுதான் அடித்திருக்கிறீர்கள். மாக் மண்டின் வாசல் ஞாபகம் வந்திருக்கும்.

பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். பிறகு திரும்ப உள்ளே வைத்தேன். அடித்த வார்த்தை செல்லாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அடித்த வார்த்தையை நம்பி நான் வந்து, நீங்கள் வாசலில் நின்று, அம்மா அதைக் கட்டிலில் இருந்து கேட்க வேண்டாம். இந்த ஒன்றிலாவது நான் அம்மா சொன்னதைக் கேட்கிறேன். அடிக்காத ஒன்றை அனுப்புங்கள் அப்பா. கெஞ்சுகிறேன்.

நான்கு பகுதியில் ஒன்று தேடிப் பிடித்திருக்கிறேன். மூன்று நாள் தேடினேன். முத்துக் குளிப்பவளின் மகளைச் சின்ன வயதில் தலைநகருக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அவள் கடல் தாண்டித் தன் தாயிடம் திரும்பி வரும் கதை. கடைசிவரை நானே பார்த்துவிட்டேன். இதில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நான்காம் பகுதியில் அவள் உண்மையாகவே வந்துவிடுகிறாள். தாய் உயிரோடு இருக்கிறாள். வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடுகிறாள். எழுத்திலும் அப்படியே வரும். உங்களுக்குச் சங்கடம் வராமல் வரிக்கு வரி படிக்கலாம்.

தினமும் காலையில் போனைத் திறந்து நீங்கள் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன். நிறுத்திய இடம் நகர்ந்திருந்தால்தான் வேலைக்குப் போக முடிகிறது.

ஜெகா

---

ஆயர் ஈத்தாம்
12 ஏப்ரல் 2025

ஜெகா,

வா.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அப்பா

---

கூச்சிங்
17 ஏப்ரல் 2025

அப்பா,

நீங்கள் போட்ட விரைவுத் தபால் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. நான் இல்லாததால் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வந்து பெட்டியைக்கூட இறக்கவில்லை, கையில் கொடுத்தார்கள். அம்மாவை எரித்துவிட்டுத் திரும்பி வந்தவள் கையில், வா என்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பகுதி இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. ஐந்து மணிவரை நகரவில்லை. அம்மா தூங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே கதை சொல்வது புதிதா என்ன. ஐந்தேகாலுக்கு காக் நோர்மா கூப்பிட்டார்.

அன்றைக்கு விமானத்தில் இடம் இல்லை. திங்கள் காலை வந்தேன். புதுவருடப் பிறப்பன்று. நம் வீட்டில் வைக்காமல், அம்மாவைப் பிளாட்டுக்குக் கீழே மண்டபத்தில்தான் வைத்திருந்தீர்கள். ஒன்பதாவது மாடி லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. உங்கள் வாசலை மிதிக்காமலே அம்மாவைப் பார்த்துவிட்டேன். கடைசி வரிசையில் காக் நோர்மா பக்கத்தில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தீர்கள்தானே? ஏதோ சொல்ல வாயெடுத்தது மாதிரி இருந்தது. அதற்குள் யாரோ உங்களைத் தண்ணீர்க் குடத்துக்குக் கூப்பிட்டார்கள். மின்சுடலையிலும் எட்டி நின்றேன். எல்லாம் முடிந்து வேனில் ஏறும்போது, ஜெகா ஏறு என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. விடுதிக்குப் போய்விட்டேன். மறுநாள் திரும்பிவிட்டேன்.

ஏற்கெனவே வா என்று எழுதிப் போட்டுவிட்ட மனிதர் எதிரே நிற்கிறார். நான் இன்னும் வா என்று சொல்லவில்லை என்று எட்டி நிற்கிறேன். நம்மைப் போல இரண்டு பேர் எந்த ஊரிலாவது இருப்பார்களா அப்பா? எனக்கு உங்கள் மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். அடித்திருந்தாலும் அது வாதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தவள் நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் என்ன நடந்தது? அம்மா கடைசியாக என்ன கேட்டார்? உள்ளபடியே எழுதுங்கள். என்னிடம் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஜெகா

---

ஆயர் ஈத்தாம்
24 ஏப்ரல் 2025

ஜெகாவுக்கு,

உன்னைப் பார்த்தேன். நீலச் சட்டை போட்டிருந்தாய். என் கடிதம் கிடைத்துத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். சடங்கு முடிந்து நீயாக மேலே வருவாய் என்று நினைத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நீ வரவில்லை. அப்போதும் உனக்குக் கோபம் தீரவில்லை என்றுதான் புரிந்துகொண்டேன். கடிதம் சனிக்கிழமை போட்டது திங்கட்கிழமை எப்படிக் கிடைத்திருக்கும் என்று ஒரு கிராணிக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டபடி உள்ளபடியே எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் மூன்றாம் பகுதி போடச் சொன்னாள். அந்தப் பெண் துறைமுகத்தில் கப்பலுக்காக நிற்கும் இடம் வந்தது. "நிறுத்துங்க, கண்ணு எரியுது" என்றாள். நிறுத்தினேன். "நீங்க சும்மா சொல்லுங்க. அவ வந்துட்டாளா?" என்றாள்.

எந்த அவள் என்று நான் கேட்கவில்லை. கடிதம் போட்டிருக்கிறேன், செவ்வாய் கிடைக்கும், புதன்கிழமை வருவாள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அவளுக்குப் புதன்கிழமை இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வந்துட்டா" என்றேன்.

என் குரல் மாறியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. அவ சொன்னா நம்புற மாதிரி இருக்கும்" என்றாள். "முனியன் செத்தது எனக்குத் தெரியாதா? அம்பு நெஞ்சுல நிக்குது, எவன் பொழப்பான்? புள்ள கஷ்டப்பட்டு மாத்திச் சொல்லுது. நானும் கேட்டுக்கிட்டேன், அவளுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு." பிறகு என் கையைத் தட்டி, "பரவால்ல, நீங்களும் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. லிஃப்ட் ஒன்பதில் நின்றது என்றேன். நோர்மா வீட்டைத் தாண்டி வருகிறாள் என்றேன். செருப்பைக் கழற்றுகிறாள். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள் என்றேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. நீ உண்மையிலேயே வெட்டியிருக்கிறாய் என்று திங்கட்கிழமை பார்த்தபோதுதான் தெரிந்தது.

"சாப்ட்டாளான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன், சாப்பிடுகிறாளாம், நான்தான் சமைத்தேன் என்றேன். "என்ன கொழம்பு?" சாம்பார் என்றேன். "பொய்யிலகூட உங்களுக்கு சாம்பார்தானா? புள்ளைக்கு மீன் வாங்கிக் குடுத்தா என்ன?" என்றாள். சரி, மீன் குழம்பு என்று மாற்றினேன். கறவைமீன், ஆயர் ஈத்தாம் பசாரில் காலையில் வாங்கியது என்றேன். தலை அசைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்தாய், அவள் காலை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய், நானும் நீயும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எப்போது அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நோர்மா வந்து என் தோளைத் தொட்டு, "போதும் அண்ணே" என்றபோதுதான் நிறுத்தினேன்.

இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. அவளுக்கு ராஜா கதையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என்னை உனக்கு எழுத வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடமாக எந்த வழியும் கிடைக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் பதினாறு பகுதி, நான்கு பகுதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிவி இருபத்திரண்டாவது நிமிடத்தில்தான் நிற்கிறது. நீயும் அங்கே பார்த்துக்கொண்டிருப்பாய். நான்காம் பகுதியில் அந்தப் பெண் உண்மையாகவே வந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். நான் பார்க்கவில்லை. தனியாகப் பார்க்க மாட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி பதினாறாம் நாள் காரியம். இதையும் விரைவுத் தபாலில்தான் போடுகிறேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு காகிதத்தில்கூட நான் பொய் எழுதியதில்லை. தேதியைத் தவறாகப் போட்டது உண்டு. அதைத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் காகிதம் செல்லும். உன் அம்மாவிடம் நீ வந்துவிட்டாய் என்று சொன்னேன். நீ வந்துவிட்டால் அது பொய் இல்லை. தேதி மட்டும்தான் தவறு.

அப்பா